நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் ஒரு பெண்ணுக்குச் சிலை கேட்டு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறை, தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை, பெருநகர சென்னை மாநகராட்சி மன்றம்.

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். குடியிருப்பு மதுரவாயலில். உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடல். காமராசர் சாலையில், ராணி மேரி கல்லூரி வளாகத்துக்குள், சாலையில் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில், தாவரவியல் அறிஞர் இ.கே. ஜானகி அம்மாளுக்கு ஒரு சிலை வையுங்கள். அந்தச் சிலை கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் கலங்கரை விளக்கத்தில் பஸ் இறங்கி, வடக்கே உழைப்பாளர் சிலை வரை நடப்பது என் வழக்கம். அந்தச் சாலையின் சிலைகள் எனக்கு உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தவர்கள் வரிசையாக வருவார்கள். மாநிலக் கல்லூரி வாசலில் உ.வே.சா. கடலைப் பார்த்து நிற்பார். பெண்களும் உண்டு. ஔவை இருக்கிறாள், கண்ணகி இருக்கிறாள். கண்ணகி சிலையை 2001-ல் எடுத்ததும் 2006-ல் திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் இந்த ஊரை எவ்வளவு பேச வைத்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சிலை என்றால் இந்த நகரத்துக்கு அது பெரிய விஷயம். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

நடையை முடிக்கிற இடத்தில் உழைப்பாளர் சிலை முன்னால் ஐந்து நிமிடம் உட்காருவேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறந்தது. நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, மாலை இல்லை, செய்கிற வேலைதான் இருக்கிறது. முதுகுத் தசை இறுகியிருப்பதைப் பார்த்தாலே பாறையின் கனம் நமக்குத் தெரிந்துவிடும். இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த சிலை அது. ஆனால் அந்தச் சாலை நெடுகிலும், ஆய்வுக்கூடத்தில் அதே மாதிரி உழைத்த ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் நான் கேட்பது உங்களுக்கு விளங்கும். ஒரு வெங்காயத்தைத் தண்ணீர் நிறைந்த டம்ளரின் வாயில் உட்கார வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கும். காலை நேரத்தில் அந்த வேர் நுனியை ஓர் அரிசி நீளத்துக்கும் குறைவாக நறுக்க வேண்டும். அமிலத்தில் போட்டு லேசாகச் சூடு காட்டி, அசிட்டோகார்மைன் சாயத்தில் ஊறவிட்டு, ஸ்லைடில் எடுத்து வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடி, மேலே பிளாட்டிங் பேப்பரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் கண்ணாடி விரிசல் விடும். குறைந்தால் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், எதுவும் தெரியாது. விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் மொத்தமும் குழம்பிப் போகும். எல்லாம் சரியாக அமைந்தால், பெற்றோரின் குணங்களைப் பிள்ளைக்குக் கடத்துகிற குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் சிவப்பு நூல் துண்டுகள் மாதிரி தெரியும். வெங்காயத்துக்குப் பதினாறு.

பதினாறை எண்ணுவதற்கே பிள்ளைகள் திணறுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி எண்ணுவார்கள். நாம் கடித்துத் தின்கிற பருத்த கரும்பில் இருப்பது 80. ஆற்றோரம் வளரும் நாணலில் 40-ம் இருக்கும், 128-ம் இருக்கும். ஊருக்கு ஊர், செடிக்குச் செடி மாறும். அதை எண்ணுவதைத் தன் தொழிலாக எடுத்துக்கொண்டவர் ஜானகி அம்மாள்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நுண்ணோக்கிகளைத் தூசி படும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் சாவி வெளியே வரும். நான் சண்டை போட்டு ஒன்றை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எல்லாரையும் பார்க்கச் சொன்னேன். ஒரு பெண் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதையெல்லாம் முதல்ல எண்ணினது யாரு மிஸ்?" எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரப் பெயர்களைச் சொன்னேன். "நம்ம ஊர்ல பொம்பளைங்க யாரும் எண்ணலையா?" என்றாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. தாவரவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் நான். எனக்கே தெரியவில்லை. அந்தப் பதில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வாழ்ந்து மறைந்திருக்கிறது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கேள்விக்குத் தராமல் விட்ட பதிலைத்தான் இப்போது உங்கள் வழியாகத் தரப் பார்க்கிறேன்.

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். தந்தை மலபாரில் சப்-ஜட்ஜ். வீட்டில் தோட்டம் வளர்த்து, செடிகளைப் பற்றிக் குறிப்பெடுத்து வைத்தவர். பெரிய குடும்பம். சகோதரிகள் கல்யாணமாகிப் போனார்கள். இவர் கல்யாணமே வேண்டாமென்று படிக்க வந்தார். வந்த இடம் ராணி மேரி கல்லூரி. 1914-ல் தொடங்கிய கல்லூரி, சென்னையில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி. அங்கிருந்து அதே சாலையில் வடக்கே இருக்கும் மாநிலக் கல்லூரிக்குப் போய் 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பிறகு நுங்கம்பாக்கம் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அங்கிருந்துதான் பார்பர் (Barbour) உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். 1931-ல் அங்கே டாக்டர் பட்டம். எந்த ஊர் அவரை உருவாக்கியது என்று கேட்டால், கடற்கரைச் சாலையின் ஒரு மைல் தூரத்தைத்தான் நான் கையைக் காட்டுவேன்.

இனி கரும்புக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பீடத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

'இந்தியக் கரும்புக்கு இனிப்பைக் கொடுத்தவர்' என்று அவரைப் பற்றி ஒரு வரி எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதைக் கல்லில் வெட்டிவிடாதீர்கள். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-ல் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த சி.ஏ. பார்பரும் (Barber) டி.எஸ். வெங்கடராமனும் பருத்த கரும்பையும் நாணலையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-லேயே வெளிவந்துவிட்டது. ஜானகி அம்மாள் அங்கே சேர்ந்தது 1934-ல். மற்றவர் செய்த வேலையை இவர் கணக்கில் எழுதினால் அது இவருக்கு மரியாதை ஆகாது. இவர் செய்தது இன்னும் ஆழமான வேலை. கலப்பு ஏன் பலித்தது, எது எதோடு சேரும், சேர்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் குரோமோசோம் அளவில் பார்த்தவர் இவர். நாணலின் பூர்வீகம் எது என்று தேடினார். கரும்பைச் சோளத்தோடு சேர்த்தார், மக்காச்சோளத்தோடு சேர்த்தார். புல் குடும்பத்துக்குள் எவ்வளவு தூரத்துச் சொந்தம் வரை கரும்போடு கலக்க முடியும் என்பதைச் செய்து காட்டினார்.

நம் ஊர்க்காரருக்கு இது அந்நியமான கதையே இல்லை. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்தார். கசக்கிற அந்தக் கரும்பு எந்த மண்ணில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இனித்த இடம் நம் திருவொற்றியூர். காட்டுக் கரும்பு ஒருநாள் இனிக்கும் என்று நம்பிக் காத்திருந்த மண் இது. அந்தக் காட்டுக் கரும்பை அறுத்து, சாயம் ஏற்றி, அதன் உள்ளே இருப்பதை எண்ணிப் பார்த்த பெண்ணுக்கு இங்கே ஓர் அடையாளம் வைப்பது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

கோவையில் அவருக்கு நாட்கள் சுலபமாக இல்லை. சாதியும், தனியாக வாழும் பெண் என்பதும் உடன் வேலை பார்த்த ஆண்கள் நடுவே தொல்லையாக இருந்தன என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி மறு வருடமே அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்படியும் தொல்லை நிற்கவில்லை. 1939-ல் கோவையை விட்டார். லண்டனுக்குப் போய் 1940-லிருந்து ஜான் இன்னெஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் வேலை. அப்போது அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தது. இரவில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வாராம். நம் ஊர் அணில் ஒன்றையும் கூடவே கொண்டுபோய் அங்கே வளர்த்திருக்கிறார். அந்த வருடங்களின் வேலையில்தான், குரோமோசோம் ஆய்வாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெருநூல் 1945-ல் வெளிவந்தது. பிறகு இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களில் ஆய்வு. அங்கே ஒரு மக்னோலியா வகை இன்றும் 'ஜானகி அம்மாள்' என்ற பெயரோடு பூக்கிறது. இங்கிலாந்தில் ஒரு மரத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அவர் படித்த சாலையில் இல்லை.

1951-ல் நேரு அழைத்தார். நாட்டின் தாவரங்களைக் கணக்கெடுக்கும் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தைச் (Botanical Survey of India) சீரமைக்கத் திரும்பி வந்தார். அலகாபாத், ஜம்மு என்று பல ஊர்களில் பணி. அதையெல்லாம் நான் இங்கே விவரிக்கவில்லை. எனக்கு முக்கியம் 1970. அந்த வருடம், எழுபத்து மூன்று வயதில், சென்னைக்குத் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுக்குப் பிந்தைய விஞ்ஞானியாகச் சேர்ந்தார். தங்கியதும் வேலை பார்த்ததும் மதுரவாயலில், அந்த மையத்தின் கள ஆய்வுக்கூடத்தில். மூலிகைகளை வளர்த்தார், எண்ணினார், எழுதினார். 1977-ல் பத்மஸ்ரீ வந்தது. வேலை நிற்கவில்லை.

மதுரவாயல் என்றால் இன்று எல்லாருக்கும் நினைவு வருவது பைபாஸும் லாரியும்தான். மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011-ல். இந்தத் தெருக்களில் எண்பது வயதில் ஒரு பெண் மஞ்சள் பட்டுப் புடவையில் செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார் என்று என் அக்கம்பக்கத்தாரிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பளீரென்ற மஞ்சள் பட்டும், அதே நிறத்தில் தொளதொளவென்ற நீள ரவிக்கையும்தான் பிற்காலத்தில் அவர் உடை என்று அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் படம் மனத்தை விட்டுப் போகவே இல்லை.

அந்த வயதில்தான் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழாவின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தையும் எதிர்த்தார். எதிர்த்த விதமும் அவருக்கே உரியது: அணையில் மூழ்கப்போகும் மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கக் கிளம்பினார். 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் காலமானார். அந்த நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒன்பது மாதம் முந்திவிட்டார்.

இனி, நான் பேசிப் பார்த்தவர்கள் சொன்ன தடைகள்.

'அவர் மலையாளி ஆயிற்றே' என்றார் ஒருவர். அந்தச் சாலையிலேயே ஜி.யு. போப் நிற்கிறார், கால்டுவெல் நிற்கிறார், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நிற்கிறார். நமக்காக உழைத்தவரை எந்த ஊர் என்று கேட்டு வாசலில் நிறுத்திய வழக்கம் நமக்கு இல்லை. ஜானகி அம்மாள் இங்கே படித்தார், இங்கே சொல்லிக்கொடுத்தார், கோவை மண்ணில் கரும்பு வளர்த்தார், இங்கேயே கண்ணை மூடினார்.

சட்டச் சிக்கலும் எனக்குத் தெரியும். சாலையிலும் நடைபாதையிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டது. அது நல்ல உத்தரவு. நடக்கிறவளுக்கு அதன் அருமை தெரியும். அதனால்தான் கல்லூரி வளாகத்துக்குள் கேட்கிறேன். 2003-ல் இந்த வளாகத்தையே எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது மாணவிகள் உட்கார்ந்து போராடிக் காப்பாற்றிய இடம் அது. மதில் ஓரமாகக் கம்பித் தடுப்பு வழியே வெளியிலிருந்தும் தெரிகிற மாதிரி ஒரு மூலை போதும்.

மூன்றாவது தடை என்னையே உறுத்தியது. சிலைக்குச் செலவழிக்கும் பணத்தில் பள்ளிகளுக்கு நுண்ணோக்கி வாங்கித் தரலாமே என்று என் பழைய சக ஆசிரியை கேட்டார். வாங்கித் தாருங்கள். அதையும்தான் கேட்கிறேன். ஆனால் நுண்ணோக்கி பீரோவில் பூட்டியிருந்த பள்ளியில் நான் இருந்திருக்கிறேன். அதைத் திறக்கச் சொல்லி ஒரு பெண்பிள்ளை அதிகாரத்தோடு கேட்க வேண்டுமானால், தன்னைப் போல் ஒருத்தி அதில் குனிந்திருப்பதை அவள் எங்கேயாவது பார்த்திருக்க வேண்டும். எங்கள் பள்ளி ஆய்வுக்கூடச் சுவரில் மெண்டலும் டார்வினும் வாட்சனும் கிரிக்கும் இருந்தார்கள். எல்லாரும் ஆண்கள்.

சிலை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு. சிற்பிகள் தெரிந்தவர்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வயதான ஜானகி அம்மாளைச் செய்யுங்கள். எழுபத்தைந்து வயதுப் பெண், தளர்ந்த கொண்டை, நீள ரவிக்கை, முதுகு லேசாக வளைந்து நுண்ணோக்கியில் கண் வைத்திருக்க வேண்டும். ஒரு கை குமிழைத் திருகிக்கொண்டிருக்க, இன்னொரு கையில் பென்சில். பார்த்துக்கொண்டே வரைகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். பீடம் உயரமாக வேண்டாம், ஏணி வைத்து மாலை போடுகிற உயரம் வேண்டவே வேண்டாம். கம்பிக் கூண்டும் வேண்டாம். எதிரில் ஒரு காலி ஸ்டூலையும் வெண்கலத்தில் வார்த்து வையுங்கள். பிள்ளைகள் அதில் உட்காரட்டும், நுண்ணோக்கியைத் தொட்டுப் பார்க்கட்டும். பல பேர் கை பட்டு அந்த இடம் மட்டும் பளபளவென்று தேயட்டும்.

பெரியமேட்டில் 1850-லிருந்து இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்களுக்கே இந்த வேலையைக் கொடுங்கள். உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி முதல்வராக இருந்த கல்லூரி அது. மாணவிகளும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும்.

பீடத்தில் அடைமொழி எதுவும் வேண்டாம். அவர் பெயர், பிறப்பு இறப்பு, என்ன செய்தார் என்று நான்கு வரி. 'கரும்பு, கத்தரி, மக்னோலியா, மூலிகைகள் ஆகியவற்றின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்' என்று நேராக எழுதினால் போதும். இதே மாநிலக் கல்லூரியில் 1939-ல் படித்து முடித்து, இந்தியாவின் வானிலைக் கருவிகளைச் சீர்படுத்திய அன்னா மாணிக்கும் ஒருநாள் இந்தச் சாலையில் இடம் வேண்டும். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

சுற்றிலும் புல்தரை போட வேண்டாம். ஒரு பக்கம் நாணல், ஒரு பக்கம் கரும்பு, முன்னால் ஒரு வரிசை கத்தரி. கடல் காற்றின் உப்பை நாணல் தாங்கிக்கொள்ளும். மற்றவற்றுக்கு மதில் நிழல் வேண்டும். ராணி மேரி கல்லூரித் தாவரவியல் மாணவிகள் பார்த்துக்கொள்வார்கள், கேட்டால் நானும் வருவேன். விஸ்லியின் மக்னோலியா நம் வெயிலில் பிழைக்காது. ஆனால் நம் செண்பகம் அதே மக்னோலியா இனம்தான்.

போன ஆடியில் ஒரு செண்பகக் கன்று வாங்கி மொட்டை மாடியில் தொட்டியில் வைத்திருக்கிறேன். இப்போது என் இடுப்பு உயரம். வேர் தொட்டியின் அடித்துளை வழியாக வெளியே வரத் தொடங்கிவிட்டது. அதிக நாள் தொட்டியில் வைக்க முடியாது. இடத்தைச் சொன்னீர்களானால் மழைக்காலத்துக்கு முன்னால் கொண்டுவந்து நட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருத்தி,
மதுரவாயல், சென்னை.